தொர்தோஞ் கிராமத்தில் ஆங்கிலம் பேசுவோரின் கோடைச் சந்தை: எது முதலில், எது பிறகு?

பெரிகோர்_வாசி

பிரான்ஸின் தொர்தோஞ் மாவட்டத்தில், தெற்கே பெர்ஜராக்குக்கும் எமேக்கும் நடுவே 600 பேர் உள்ள ஊர். ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆங்கிலம் பேசுகிற குடும்பங்கள் நாற்பது இருக்கும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பிரித்தானியர்கள், கொஞ்சம் ஐரிஷ்காரர்கள், தென்னாப்பிரிக்கர்கள். வாரம் ஒருநாள் கஃபேயில் கூடிப் புத்தகம் மாற்றிக்கொள்கிறார்கள். ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. வேறு அமைப்பு எதுவும் இல்லை.

வரும் ஜூலையில் ஒருநாள் நிகழ்ச்சி நடத்த ஆசைப்படுகிறார்கள். காலையில் வீத்-க்ரெனியே, அதாவது பழைய சாமான் சந்தை. மதியம் தேநீரும் ஸ்கோனும். சாயங்காலம் பாட்டுக்குழுவோடு சாப்பாடு. வசூல் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு. மேரிக்கு, அதாவது ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், "எந்தச் சங்கம் நடத்துகிறது?" என்பதுதான் செயலாளரின் முதல் கேள்வி. பிரெஞ்சுக் காகித வேலையில் அவர்களுக்கு உதவுகிறேன். வரிசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்_லிமோஜ்

செயலாளர் கேட்டது சரியான கேள்வி. ஃபேஸ்புக் குழுவுக்குச் சட்டத்தில் ஆள் என்ற தகுதி இல்லை. காப்பீடு எடுக்க முடியாது, வங்கிக் கணக்கு திறக்க முடியாது, மண்டபச் சாவி வாங்கிக் கையெழுத்துப் போட முடியாது. ஏதாவது நடந்தால் முன்னால் நின்ற தனிமனிதர் தலையில் விழும். ஆகவே 1901 ஜூலை 1 சட்டப்படி ஒரு சங்கம் பதியுங்கள்.

இரண்டு பேர் போதும். பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டவர் சங்கங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 1981 அக்டோபரில் நீக்கப்பட்டது. தலைவர், பொருளாளர், செயலாளர் மூவரும் பிரித்தானியராகவே இருக்கலாம். விதிமுறை ஆவணமும் தொடக்கக் கூட்டக் குறிப்பும் மட்டும் பிரெஞ்சில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் பட்டியலில் பெயர், தொழில், முகவரி, நாட்டுரிமை எழுத வேண்டும். இணையத்தில் அரசின் சேவைத் தளம் வழியாகவே அனுப்பலாம். காகிதத்தில் என்றால் செர்ஃபா (அரசுப் படிவம்) 13973, பொறுப்பாளர்களுக்கு 13971. கட்டணம் இல்லை, அரசிதழ் அறிவிப்பும் 2020 முதல் இலவசம். ரசீது வந்ததும் W எழுத்தில் தொடங்கும் பதிவு எண் கிடைக்கும்.

சிக்கல் வருவது நோக்கம் என்ற பிரிவில். "ஆங்கில வாசகர் சந்திப்பு" என்று மட்டும் எழுதிவிட்டால் பிறகு சந்தை நடத்தும்போதும் காப்பகத்துக்குப் பணம் கொடுக்கும்போதும் வங்கியும் காப்பீட்டாரும் கேள்வி கேட்பார்கள். பண்பாட்டு நிகழ்ச்சிகள், பழைய பொருள் விற்பனைகள், உணவு விருந்துகள் நடத்துவது. கிடைக்கும் தொகையில் பிற சங்கங்களுக்கு உதவுவது. ஊர்மக்களையும் புதிதாகக் குடிவந்தவர்களையும் ஒன்றுசேர்ப்பது. இவ்வளவும் அந்தப் பிரிவில் இடம்பெறட்டும்.

வங்கிக் கணக்குதான் எல்லாவற்றிலும் தாமதமானது. விதிமுறை, கூட்டக் குறிப்பு, அரசிதழ் அறிவிப்பு, பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஜூலைக்கு வேண்டுமானால் ஜனவரியிலேயே தொடங்குங்கள். வங்கி மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி மத்திய வங்கியான பாங்க் த பிரான்ஸுக்குப் போனால் அவர்கள் ஒரு வங்கியைக் கட்டாயமாக நியமிப்பார்கள். கணக்கு வரும்வரை தலைவரின் சொந்தக் கணக்கில் பணம் போடலாம் என்ற யோசனை எழும். வேண்டாம். அது அவருடைய வருமானமாகப் பார்க்கப்படும் அபாயம் உண்டு.

சாரு_ஷராந்த்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 600 பேர் ஊரில் ஒரு கொமிதே தெ ஃபெத், அதாவது ஊர் விழாக் குழு, இருக்கும். ஜூலை 14, வேட்டைக்காரர் விருந்து, டிசம்பரில் தெலெத்தோன் நிதிதிரட்டல் எல்லாம் அவர்கள்தான் நடத்துவார்கள். அவர்களிடம் காப்பீடு, மேசை பெஞ்சு, பந்தல், கரி அடுப்பு, பல வருஷப் பழக்கம் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர்கள் தனியாக ஒரு சங்கம் வைத்து, தனியாக ஒரு தேதி குறித்து, தனியாக ஒரு சந்தை போட்டால் ஊருக்குள் இன்னொரு ஊர் என்ற எண்ணம்தான் வளரும். முதல் வருஷம் கொமிதேயின் நிகழ்ச்சிக்குள் தேநீர்ப் பந்தலும் புத்தகக் கடையும் போடட்டும். அதன் பிறகு தனிச் சங்கம் தேவையா என்று பார்க்கலாம்.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். இலையுதிர் காலத்தில் மேரி எல்லாச் சங்கங்களையும் கூப்பிட்டு அடுத்த வருஷ நாட்காட்டியைப் போடும். அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் ஜூலையில் ஒரு ஞாயிறைப் பிடித்தால், பக்கத்து ஊர் வீத்-க்ரெனியே அதே நாளில் இருக்கும். விற்பவர்களும் வாங்குபவர்களும் பாதிப்பாதியாகப் பிரிந்து இரண்டு ஊருக்கும் நஷ்டம். ஏற்கெனவே பிடிபட்ட நாட்களையும் பாருங்கள். எமேயில் கோடை இரவுச் சந்தை செவ்வாயில், ரிபேராக்கில் பெரிய சந்தை வெள்ளியில், இஸிஜாக்கில் ஞாயிறு காலையில்.

கணக்கர்_லிமோஜ்

> தனிச் சங்கம் தேவையா என்று பார்க்கலாம்

சாரு அக்கா சொல்வது முதல் வருஷத்துக்குச் சரி. ஆனால் கொமிதேயின் கல்லாவில் போன பணம் கொமிதேயின் பணம். காப்பகத்துக்கு எவ்வளவு போகும் என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: தேநீர்ப் பந்தல், புத்தகக் கடை வசூல் முழுவதும் காப்பகத்துக்கு, புவெத் (பானக் கடை) வசூல் கொமிதேக்கு. இது இல்லாமல் நல்ல மனிதர்களுக்குள்ளேயே மனக்கசப்பு வந்துவிடும்.

தேன்மொழி_24

வீத்-க்ரெனியே பற்றி நான் எழுதுகிறேன். நல்ல நோக்கத்தோடு நடத்துபவர்கள் அறியாமல் சட்டத்தை மீறுவது இங்கேதான் அதிகம்.

செர்ஃபா 13939, தற்காலிக விற்பனை அறிவிப்பு. மேயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுத்து ரசீதும் வாங்கலாம். தனியார் வயலில் நடத்தினால் குறைந்தது 15 நாள் முன்பு. சர்ச் முன்திடல், தெரு என்று பொது இடமானால் இடத்தைப் பயன்படுத்தும் அனுமதிக் கடிதத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். மூன்று மாதம் முன்பு கொடுத்துவிடுவது நிம்மதி.

விற்க வரும் தனியாட்கள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் இப்படி விற்கலாம். அதுவும் தாங்கள் பயன்படுத்திய சொந்தப் பொருளை மட்டும். ஒவ்வொருவரிடமும் இதை உறுதிசெய்யும் கையெழுத்துக் கடிதம் வாங்குங்கள். அடையாள அட்டை நகல், முகவரி, கார் எண் ஆகியவற்றை முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கும் கார்களின் முன்னால் நின்று பாஸ்போர்ட் எண் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

பதிவேடு கட்டாயம். பக்கங்கள் எண்ணிடப்பட்டு மேரியில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையாளரின் பெயர், முகவரி, அடையாள ஆவணத்தின் வகை, எண், கொடுத்த தேதி, கொடுத்த அலுவலகம். சந்தை நடக்கும் நேரம் முழுவதும் அது திடலில் இருக்க வேண்டும், ஜான்தார்ம் (கிராமப்புறக் காவலர்) கேட்டால் காட்ட. முடிந்து எட்டு நாளுக்குள் மாவட்ட அரசு அலுவலகமான பிரெஃபெக்த்யூரிலோ அதன் கிளையான சூ-பிரெஃபெக்த்யூரிலோ ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது, ஆங்கிலம் பேசுபவர்கள் மத்தியில் மறுபடி மறுபடி வரும் கேள்வி. வீட்டில் செய்த ஜாம், தைத்த கொடித்தோரணம், வாழ்த்து அட்டை, மணிமாலை. இவை பழைய சாமான் அல்ல. தன் லாபத்துக்காக அவற்றை விற்பவருக்கு சிரெத் என்ற தொழில் பதிவு எண் வேண்டும், அதாவது மைக்ரோ-ஆந்த்ரப்ரீஸ் (சிறு தனிநபர் தொழில்) பதிவு. "சும்மா ஒருநாள்தானே" என்பது பதில் ஆகாது. அதே ஜாமைச் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து, சங்கத்தின் மேசையில் சங்கம் விற்றால் பிரச்சினை இல்லை. இந்த ஒரு மாற்றமே பல மனஸ்தாபங்களைத் தவிர்க்கும்.

பெரிகோர்_வாசி

மிக்க நன்றி. மதுபானம் பற்றிச் சொல்ல முடியுமா? பிம்ஸ் என்ற பிரித்தானிய மதுவைக் கலந்து ஜாடியில் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முகிலன்_ஓய்னோ

பிம்ஸ் முடியாது. சங்கத்துக்குக் கிடைக்கும் தற்காலிக புவெத் அனுமதி ஒன்றாம், மூன்றாம் பிரிவுப் பானங்களுக்கு மட்டும். மதுவில்லாதவை, பிறகு வைன், பியர், சைடர், இயற்கை இனிப்பு வைன்கள், 18 டிகிரிக்கு மேற்போகாத வைன் சார்ந்த அபெரிதிஃப் (சாப்பாட்டுக்கு முந்தைய மது). பிம்ஸ் ஜின் அடிப்படை, 18 டிகிரிக்கு மேல். எலுமிச்சைச் சோடா ஊற்றி நீர்க்கச் செய்தாலும் கணக்கில் வருவது பாட்டிலில் உள்ள மதுதான். ஜின்-டானிக்கும் அப்படியே. கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஷெர்ரி வைப்பதானால் 15 டிகிரி ஃபினோ சரி. 20 டிகிரி போர்ட் கூடாது. கோடைக்கு ரோசேயில் பழம், புதினா, வெள்ளரிக்காய் போட்டுக் கொடுங்கள், அதே ஜாடி, அதே தோற்றம், சட்டத்துக்குள்.

விண்ணப்பம் மேயருக்கு, எளிய கடிதம்: நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பானப் பிரிவு. 15 நாளாவது முன்பு. ஒரு சங்கத்துக்கு வருஷம் ஐந்து முறை மட்டும். ஆகவே காலைச் சந்தையில் தொடங்கி இரவு விருந்துவரை ஒரே கடிதத்தில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு முறை செலவாகிவிடும். கொமிதேயோடு சேர்ந்து நடத்தினால் யார் பெயரில் கேட்பது என்பதையும் பேசிவிடுங்கள், அவர்களுக்கும் அதே ஐந்துதான். 18 வயதுக்குக் கீழே மது கிடையாது என்ற அறிவிப்பைத் தொங்கவிட வேண்டும்.

சாரு_ஷராந்த்

தேநீர்ப் பந்தலைச் சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்ப் பிரெஞ்சுக்காரர்கள் ஆர்வத்தோடு வருவது அதற்குத்தான். அது சொதப்பினால் நாள் முழுவதும் சொதப்பல்.

மின்சாரம் முதலில். பிரித்தானியக் கெட்டில் 3 கிலோவாட். பிரெஞ்சு சுவர்ச் சாக்கெட் 16 ஆம்பியர், அதாவது சுமார் 3.7 கிலோவாட். ஒரு நீட்டிப்பு வயரில் இரண்டு கெட்டில் செருகினால் வயர் உருகும், அல்லது பிரேக்கர் விழும். பல ஊர் மண்டபங்களின் மின் சந்தா அளவும் பெரிதாக இருக்காது. அடுப்பு, குளிர்பெட்டி, இரண்டு கெட்டில், பாட்டுக்குழுவின் ஒலிப்பெருக்கி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் மொத்த மண்டபமும் இருட்டு. சந்தா எத்தனை கேவீஏ (மின்திறன் அளவு) என்று மேரியில் முன்பே கேளுங்கள். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த, பல செருகிடம் உள்ள நீட்டிப்பு வயர்களையும் மலிவு மாற்றுச்செருகிகளையும் அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடட்டும்.

20 லிட்டர் தண்ணீர்ப் பாய்லர், 3 கிலோவாட்: குழாய்த் தண்ணீர் கொதிநிலைக்கு வர 35 முதல் 40 நிமிஷம். 150 பேர் வந்தால் ஆளுக்கு 200 மில்லி, 30 லிட்டர். இரண்டாம் கோப்பையும் சேர்த்து 45 லிட்டர். ஒரு பாய்லர் ஊற்ற, இன்னொன்று காய. இரண்டையும் வேறு வேறு சர்க்யூட்டில் போடுங்கள். வெளியே பெரிய கேஸ் அடுப்பும் பெரிய பாத்திரமும் கிடைத்தால் அதுவே சிறந்தது.

பெரிகோர் (தொர்தோஞ்சின் பழைய பெயர்) தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தேநீரின் மேல் படலம் மிதக்கும். வடிகட்டிய தண்ணீர் நல்லது. பால்: கடை அலமாரியில் இருப்பது பெரும்பாலும் நீண்டநாள் பால், காய்ச்சிய வாசனை தெரியும். குளிர்ப் பகுதியில் உள்ள புதுப்பாலை வாங்குங்கள். கோப்பைக்கு 30 மில்லி வீதம் 225 கோப்பைக்கு ஏழு லிட்டர். சின்ன ஊர்க் கடையில் அவ்வளவு இருக்காது, முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். எலுமிச்சைத் துண்டும் வெர்பெனா மூலிகைத் தேநீரும் வையுங்கள், பால் சேர்க்காத பிரெஞ்சு விருந்தினர்கள் நிறைய.

ஸ்கோன்: ஒரு கிலோ மாவுக்கு 6 செ.மீ. அளவில் சுமார் 35. பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த மாவு எல்லாக் கடையிலும் இருக்காது. சாதாரண T55 மாவில் அரை கிலோவுக்கு 11 கிராம் பேக்கிங் பவுடர் பொட்டலம் இரண்டு. பொட்டலத்தின் மேல் "500 கிராமுக்கு ஒன்று" என்று இருக்கும், அது கேக்குக்கு. ஸ்கோனுக்கு ஒன்று போட்டால் தட்டையாகக் கல்லாகும். கட்டித் தயிர்போல் இருக்கும் அந்த டெவன் கிரீமுக்கு, மஸ்கார்போனேயும் கெட்டி க்ரெம் ஃப்ரெஷும் இரண்டுக்கு ஒன்று கலந்தால் மிக அருகில் வரும். ஆனால் ஜூலை வெயிலில் மேசைமேல் வைத்துவிடக் கூடாது. கெடக்கூடிய பொருள் 4 டிகிரிக்குள், சூடான உணவு 63 டிகிரிக்கு மேல். கிரீமைச் சின்னக் கிண்ணங்களாகப் பத்துப் பத்தாக எடுத்துவாருங்கள்.

பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களை எழுத்தில் வைக்க வேண்டும், பொட்டலம் கட்டாத உணவுக்கும். ஒவ்வொரு கேக்கின் முன்னாலும் சின்ன அட்டை: கோதுமை, முட்டை, பால், கொட்டை. கேக் செய்து தருபவர்களிடமே அட்டையை எழுதி வாங்குங்கள். அவர்களுக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

இசைப்பிரியன்_86

பாட்டுக்குழு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பெரிய அபராதம் வரக்கூடிய இடம் இதுதான்.

பார்வையாளர் முன் சம்பளத்துக்கு வாசிப்பவர் பிரெஞ்சுச் சட்டத்தில் ஊழியராகவே கருதப்படுவார். "கையில் 300 யூரோ கொடுத்துவிடுகிறோம்" என்றால் அது மறைத்த வேலைவாய்ப்பு. வழிகள் மூன்று. முதலாவது குயூசோ. இசை நிகழ்ச்சி நடத்துவதே தொழிலாக இல்லாத சங்கங்களுக்கான ஒற்றைச் சாளரம் அது. ஒப்பந்தம், சமூகப் பங்களிப்பு, சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே படிவத்தில். வருஷத்துக்கு ஆறு நிகழ்ச்சிவரை தனி உரிமம் தேவையில்லை. நிகரச் சம்பளத்துக்கு மேல் பங்களிப்பு கணிசமாகக் கூடும், ஆகவே குயூசோ தளத்திலேயே கணக்கிட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். இரண்டாவது, உரிமம் உள்ள சங்கமோ நிறுவனமோ குழுவை அனுப்பி பில் கொடுப்பது. உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, உண்மையான அமெச்சூர் குழு, சம்பளமே இல்லாமல். பெட்ரோல் செலவை ரசீதுக்கு எதிராகத் திருப்பிக் கொடுக்கலாம், சாப்பாடு போடலாம். வேறு எதுவும் கூடாது. அங்கே ஆங்கிலம் பேசும் ஓய்வுபெற்றவர்களின் பாட்டுக்குழுக்கள் நிறைய இந்த வகை, ஆகவே இதுவே எளிது.

சாசெம், அதாவது பாட்டு எழுதியவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் அமைப்பு, தனி. சம்பளம் இல்லாவிட்டாலும், ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் ஓடினாலும் கட்ட வேண்டும். நிகழ்ச்சிக்கு முன்பே இணையத்தில் அறிவித்தால் கட்டணம் குறைவு. முடிந்த பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் கூடுதல். ஊரிலுள்ள போஸ்டர்களையும் செய்தித்தாள் அறிவிப்புகளையும் அவர்கள் பார்க்கிறார்கள். பாடிய பாட்டுகளின் பட்டியலையும் கொடுக்க வேண்டும், அப்போதுதான் எழுதியவருக்குப் பணம் போகும்.

இன்னொன்று, மண்டபத்தில் ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா? சுவரில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்கு. சிவப்பில் சில விநாடி நின்றால் மேடைச் சாக்கெட்டுகளின் மின்சாரம் போய்விடும். டிரம்மர் இருந்தால் முதல் பாட்டிலேயே போகும். கருவியைத் தாண்டிச் சமையலறைச் சாக்கெட்டில் ஆம்ப்ளிஃபையரைச் செருகுவதைச் சிலர் செய்வார்கள். மண்டப ஒப்பந்தத்தை மீறுவது அது, முன்பணம் திரும்பாது. மாலை நாலு மணிக்கே ஒலிச்சோதனை செய்து டிரம்முக்குத் துணி போடுங்கள், அல்லது கிடாரும் அக்கார்டியனும் உள்ள குழுவைக் கூப்பிடுங்கள்.

பெரிகோர்_வாசி

திடலை ஒட்டி மாவட்டச் சாலை போகிறது. அதை மூடுவது யார் பொறுப்பு? பிறகு, டிக்கெட் கிழித்துப் பரிசு கொடுக்கும் குலுக்கல் வைக்கலாமா?

தேன்மொழி_24

ஊர்ப்பெயர்ப் பலகைக்கு உட்பட்ட பகுதியென்றால் மாவட்டச் சாலையானாலும் போக்குவரத்து ஆணை மேயருடையது. பலகைக்கு வெளியே மாவட்ட மன்றத் தலைவருடையது, அதற்கு நேரம் அதிகம் ஆகும். மாற்றுப்பாதை வரைபடத்தைக் கடிதத்தோடு இணையுங்கள். தீயணைப்பு வண்டி போக நாலு மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்கட்டும். நுழைவாயில்களைக் கனமான பொருளால் அடைக்கச் சொல்வார்கள். ஊரில் விவசாயி ஒருவரின் டிராக்டரோ உருட்டு வைக்கோல் கட்டோ போதும். ஆனால் அவசரத்துக்கு நகர்த்த ஓட்டுநர் அங்கேயே இருக்க வேண்டும்.

குலுக்கலுக்கு முன்அனுமதி வேண்டும். செர்ஃபா 11823, சங்கத்தின் முகவரி உள்ள ஊர் மேயருக்கு. நோக்கம் தர்மம், கலை ஊக்கம் அல்லது லாபமற்ற விளையாட்டு. பணப் பரிசு கூடாது. கட்டம் அடிக்கும் லோத்தோ வேறு கணக்கு. உள்ளூர் வட்டத்துக்குள், சமூக நோக்கத்தோடு, ஒருமுறை பந்தயம் 20 யூரோவுக்குக் கீழே என்றால் அனுமதி கேட்கத் தேவையில்லை. அதிலும் ரொக்கப் பரிசு இல்லை. பொது அறிவுப் போட்டி இரவுகளில் நுழைவுக் கட்டணத்தையே வென்றவர்கள் பிரித்துக்கொள்ளும் வழக்கம் பிரித்தானியர்களிடம் உண்டு. அதை இங்கே தவிருங்கள். ஒரு கூடைப் பழமோ இரண்டு பாட்டில் மோன்பாசியாக் வைனோ கொடுங்கள்.

கணக்கர்_லிமோஜ்

பணம். லாபநோக்கமற்ற சங்கத்துக்கு வருஷத்தில் ஆறு ஆதரவு நிகழ்ச்சிகளின் வசூல்மீது மதிப்புக்கூட்டு வரி கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி வரவு செலவுப் பக்கம் வையுங்கள், அப்போதுதான் ஆறில் ஒன்று என்று காட்ட முடியும்.

அன்றைக்கு மூன்று கல்லா: நுழைவாயில், தேநீர், புவெத். ஒவ்வொன்றிலும் சில்லறை 80 முதல் 100 யூரோ, பெரும்பகுதி ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயம். கிராமத்தில் இன்றும் காசோலை கொடுப்பவர்கள் உண்டு, சங்கத்தின் முழுப் பெயரை மேசையில் எழுதி வையுங்கள். கார்டு கருவி கொண்டுவந்தால் திடலில் சிக்னல் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மாலையில் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். காப்பகத்துக்கு வங்கி மாற்றல் மூலம் மட்டும் அனுப்புங்கள், அவர்களிடம் ரசீதும் வாங்குங்கள்.

நன்கொடைக்கு 66 சதவீத வரிச் சலுகைச் சீட்டு தருகிறோம் என்று போஸ்டரில் எழுதிவிடாதீர்கள். பொதுநலச் சங்கம் என்ற தகுதி இருந்தால் மட்டும் அது முடியும். சந்தேகம் இருந்தால் வரித்துறையிடம் எழுத்தில் கேட்டு உறுதி வாங்க வேண்டும். தேநீருக்குக் கொடுத்த பணம் நன்கொடையும் அல்ல.

மேரியிடம் மானியம் கேட்பதானால் குளிர்காலத்திலேயே செர்ஃபா 12156 கொடுங்கள். ஊர் வரவு செலவுத் திட்டம் வசந்தத்தில், வழக்கமாக ஏப்ரல் நடுவுக்குள் நிறைவேறும். அதற்குப் பின் போனால் அடுத்த வருஷம்தான். சிரெத் எண்ணும், குடியரசுக் கோட்பாட்டு உறுதிமொழியில் கையெழுத்தும் அதற்குத் தேவை.

சாரு_ஷராந்த்

அறிவிப்பு பற்றி. ஆங்கிலத்தில் மட்டும் போஸ்டர் அடித்தால் ஆங்கிலம் பேசுபவர்கள் மட்டும் வருவார்கள், பிறகு "ஊர்க்காரர்கள் எங்களோடு கலப்பதில்லை" என்று வருத்தப்படுவார்கள். பிரெஞ்சு மேலே, பெரிய எழுத்தில். ஆங்கிலம் கீழே. விருந்துக்கு முன்பதிவு எண், கடைசித் தேதி, விலை, உணவுப் பட்டியல், "தட்டும் கரண்டியும் கொண்டுவரவும்" என்ற வரி. இந்தக் கடைசி வரி ஊர் விருந்துகளின் வழக்கம். தெரியாமல் வெறுங்கையோடு வருபவர்களுக்கு இருபது செட் உபரியாக வையுங்கள்.

போஸ்டரைச் சாலைக் குறியீட்டுப் பலகையிலும் மரத்திலும் ஒட்டக் கூடாது. பேக்கரி, மருந்தகம், மேரிப் பலகை, பக்கத்து ஊர்களின் கஃபே போதும். துண்டறிக்கையில் "தெருவில் எறியாதீர்" என்ற பிரெஞ்சு வரியும் அச்சிட்டவர் பெயரும் இருக்க வேண்டும். பல ஊர்கள் பானோபோக்கெட் செயலியில் அறிவிப்புப் போடுகின்றன. உங்கள் மேரியும் வைத்திருந்தால் செயலாளரிடம் நாலு வரி எழுதிக் கொடுங்கள். சுத்-உவெஸ்த் நாளிதழுக்கு ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர் நிருபர் உண்டு. மூன்று வாரம் முன்பு நாள், இடம், படம் ஒன்று அனுப்பினால் வரும்.

முகிலன்_ஓய்னோ

சாரு அக்கா சொன்ன கலத்தல் விஷயத்துக்கு ஒரு அரசியல் பின்னணி உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பிரெக்ஸிட் வரை பிரான்ஸின் ஊர்மன்றங்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட பிரித்தானியர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். லிமூஸேன், தொர்தோஞ், ஷராந்த் பக்கம்தான் அதிகம். 2020 பிப்ரவரி 1 முதல் அவர்களுக்கு வாக்கும் இல்லை, போட்டியிடும் உரிமையும் இல்லை. அந்த ஆண்டு மார்ச் தேர்தலில், பிரெஞ்சு அல்லது வேறு ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை எடுக்காதவர்கள் வெளியே நின்றார்கள். ஐரிஷ்காரர்களுக்கு இன்னும் உரிமை உண்டு, மேயராகவோ துணை மேயராகவோ மட்டும் ஆக முடியாது. ஐரிஷ் பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கும் அப்படியே, ஆனால் வாக்காளர் பட்டியலில் தாங்களே பெயர் பதிய வேண்டும், தானாகச் சேராது. 2026 மார்ச் தேர்தலிலிருந்து 1,000 பேருக்குக் குறைந்த ஊர்களிலும் ஆண் பெண் மாறிமாறி வரும் பட்டியல் முறை வந்துவிட்டது. தனியாக நின்று வெல்ல முடியாது, யாரோ ஒருவர் பட்டியலில் இடம் கிடைக்க வேண்டும்.

வாக்குரிமை போன பிறகு, ஊர் விஷயத்தில் அவர்கள் குரல் கேட்கும் வழி சங்கமும் கொமிதேயும்தான். அதனால்தான் இந்தத் தேநீர்ப் பந்தலை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று நினைவுத்தூண் முன் சங்கத்தின் பெயரில் மலர்வளையம் வைக்க விரும்பினால் ஒரு வாரம் முன்பே மேரியிடம் சொல்லுங்கள். யார் பின் யார் வைப்பது என்ற வரிசை அங்கே உண்டு. அவர்கள் அணிவது சிவப்புப் பாப்பி, ஊர்க்காரர்கள் அணிவது நீலப் பூ, ப்ளூவே த பிரான்ஸ். இரண்டையும் சேர்த்து அணிந்து வந்தால் ஊர் மதிக்கும்.

பெரிகோர்_வாசி

எல்லோருக்கும் நன்றி. முதல் வருஷம் கொமிதேயோடு சேர்ந்து நடத்துவது, அதே நேரத்தில் சங்கப் பதிவையும் தொடங்கிவிடுவது என்று அவர்களிடம் சொல்லப்போகிறேன். கடைசியாக: மழை வந்தால்? அல்லது கடும் வெயில்?

தேன்மொழி_24

மழைக்கு மண்டபத்தையும் அதே நாளுக்குப் பதிவு செய்யுங்கள். எத்தனை பேர் கொள்ளும் என்று கதவருகே எழுதியிருக்கும். அதற்கு மேல் டிக்கெட் விற்காதீர்கள். பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, முன்பணக் காசோலை, சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இருவரும் சேர்ந்து பார்க்கும் நிலைப் பட்டியல். கீறிய மேசை முன்பே கீறியிருந்தால் அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.

வெயில்தான் அதிகக் கவலை. வானிலை நிறுவனமான மெத்தேயோ-பிரான்ஸ் சிவப்பு எச்சரிக்கை விட்டால், மாவட்டத்தின் அரசுப் பிரதிநிதியான பிரெஃபெக்த் நிகழ்ச்சிகளை நிறுத்தலாம். 2022 ஜூனில் ஜிரோந்தில் திறந்தவெளி நிகழ்ச்சிகளையும் குளிரூட்டி இல்லாத கூடங்களையும் அப்படி நிறுத்தினார்கள். காட்டுத்தீ அபாய நாட்களில் கரி அடுப்புக்கும் தடை வரும். ஆகவே இறைச்சியைக் கேஸில் சுடும் மாற்று ஏற்பாடு இருக்கட்டும், அதற்கும் அனுமதி உண்டா என்று அந்த வார ஆணையில் பாருங்கள். வானத்தில் விடும் காகித விளக்கு வேண்டவே வேண்டாம்.

விற்பனையாளர்களிடம் இடத்துக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கும்போதே, ரத்தானால் திருப்பித் தருவீர்களா இல்லையா என்பதைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். யார் ரத்து செய்கிறார், எந்த நேரத்துக்குள், எப்படித் தெரிவிக்கப்படும் என்பதும். முந்தைய நாள் மாலை ஆறு மணி என்று வைத்தால் போதும். தூரத்திலிருந்து வருபவர்கள் அதற்குப் பிறகுதான் காரில் சாமான் ஏற்றத் தொடங்குவார்கள்.